மூச்சு வாங்காமல் கேளுங்கள்

(பள்ளி விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது கோவையில் காலை வேளையில் ஓட்டப் பயிற்சி கொடுக்கும் ‘பி.டி. மாஸ்டர்’ வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

வயது 43, வங்கி வேலை. டிசம்பரில் ஹாஃப் மாரத்தான் ஓடலாம் என்று பயிற்சி செய்கிறேன். கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் ஆகிறது. கூட ஓடும் பையன்கள் “சார், இது வாக்கிங்கா, ஜாகிங்கா?” என்று கிண்டல் செய்கிறார்கள். வேகத்தைக் கூட்டலாமா?
ஒரு வாசகர், ஈரோடு

அந்தப் பையன்களை ஓடிக்கொண்டே அவர்கள் வீட்டு முகவரியைக் கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரைக்கும் சொல்லச் சொல்லுங்கள். தெருப்பெயரிலேயே மூச்சு நின்றால் அவர்கள் பயிற்சி செய்யவில்லை, தினமும் பந்தயம் ஓடுகிறார்கள் என்று அர்த்தம். நீங்கள் முழு முகவரியையும் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் முகவரியையும் சொல்ல முடிகிறதா? அப்படியானால் சரியான வேகத்தில்தான் போகிறீர்கள்.

ஓட ஆரம்பித்தவருக்கு மூச்சு சீக்கிரம் பழகிவிடும். சில வாரங்களிலேயே படியேறினால் இரைப்பதில்லை, தெம்பாக இருக்கிறது. ஆனால் எலும்பும், குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி இருக்கிறதே அந்தத் தசைநாணும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். ‘நான் தயார்’ என்று நெஞ்சு சொல்லும்போது ‘இன்னும் இல்லை’ என்று கால் சொல்லிக்கொண்டிருக்கும். நம் ஆட்கள் நெஞ்சு சொல்வதை மட்டும் கேட்டு வேகத்தைக் கூட்டுவார்கள். மூன்றாவது மாதம் முழங்காலில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கட்டத்தில்தான் வருகிறார்கள்.

நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 800 மீட்டர் ஓடும் பையன்களைக்கூட ஞாயிற்றுக்கிழமையானால் ஆக்லாந்து பக்கத்து மலைச்சாலையில் 35 கிலோமீட்டர் ஓட வைத்தார். இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற பந்தயத்துக்கு இது எதற்கு என்று பலர் சிரித்தார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில், செப்டம்பர் 2-ஆம் தேதி, அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். இரண்டும் ஒரே நாளில். லிடியார்ட் வேகப் பயிற்சியே கொடுக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், கொடுத்தார். ஆனால் மாதக்கணக்கில் தூரம் ஓடி அடித்தளம் போட்ட பிறகுதான் கொடுத்தார்.

ஆகவே வாரத்தில் ஒரு நாள் வேண்டுமானால் கொஞ்சம் விரட்டுங்கள். மற்ற நாட்களில் இதே எட்டரைதான். இன்னொன்று, மார்கழியில் ஓடிய வேகத்தைச் சித்திரையில் எதிர்பார்க்காதீர்கள். வெயில் நாளில் உடம்பைக் குளிர்விக்க ரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குப் போகிறது. அதனால் அதே வேகத்துக்கே இதயம் கூடுதலாகத் துடிக்கும். கையில் கட்டியிருக்கும் வாட்ச் இதையெல்லாம் யோசிக்காமல் ‘மோசம்’ என்று காட்டும். அது சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

61 வயது ஆஸ்திரேலிய விவசாயி ஒருவர் எந்தப் பயிற்சியும் இல்லாமல், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து, பெரிய பெரிய வீரர்களையெல்லாம் தோற்கடித்தாராம். வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
எஸ்.கே., தஞ்சாவூர்

ஆள் உண்மை, பந்தயம் உண்மை. ‘பயிற்சி இல்லாமல்’ என்பது மட்டும் பொய். எனக்கு எரிச்சலே அந்த இடத்தில்தான்.

அவர் பெயர் கிளிஃப் யங். விக்டோரியா மாநிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்டவர். 1983-ல் சிட்னியிலிருந்து மெல்போர்ன் வரை 875 கிலோமீட்டர் பந்தயத்தை 5 நாள் 15 மணி நேரத்தில் முடித்து முதலில் வந்தார். முதல் நாள் எல்லாரும் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பாதத்தைத் தரையிலிருந்து அதிகம் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து ஓடும் ஓட்டம் அவருடையது. மற்றவர்கள் தூங்கிய நேரத்தில் அவர் ஓடிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே அதுவரை இருந்த சாதனை நேரத்தைவிட ஏறக்குறைய இரண்டு நாள் குறைவு. பரிசுப் பணம் 10,000 டாலரைத் தன்னோடு ஓடியவர்களுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டார்.

இதற்கு முந்தைய ஆண்டு நடந்ததை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. 1982-ல் ஆயிரம் மைல் ஓட்டத்தில் உலக சாதனையை முறியடிப்பதற்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, கோலாக் என்ற ஊரில் ஓடினார். பாதியைக் கொஞ்சம் தாண்டியதும், 805 கிலோமீட்டரில், முடியாமல் நிறுத்தினார். தானும் தன் குழுவும் அனுபவம் இல்லாமல், சரியான ஏற்பாடு இல்லாமல் இறங்கிவிட்டோம் என்று அவரே சொன்னார். சின்ன வயதில் மழை வரும் முன் ஆடுகளை வளைத்துப் பிடிக்க பூட்ஸ் காலோடு நாள் கணக்கில் ஓடியதாகவும் சொல்லியிருக்கிறார். இத்தனை வருட உழைப்பையும் ஒரு தோல்வியையும் கத்தரித்துவிட்டு, ‘திடீரென்று ஒரு கிழவர் வந்தார், ஜெயித்தார்’ என்று அனுப்புகிறார்கள். படிக்கச் சுவையாக இருக்கிறது, சரி. அதை நம்பி ஒருவர் நேராக மாரத்தானில் போய் நின்றால் என்ன ஆவது?

ஓடும்போது எத்தனை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும்? எந்த எனர்ஜி டிரிங்க் நல்லது?
பி.வி., சேலம்

தாகம் எடுத்தால் குடியுங்கள். லிட்டர் கணக்கு வைத்துக்கொண்டு வயிறு முட்டக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் ஆபத்தாகிவிடும். நீண்ட தூரம் என்றால் உப்புப் போட்ட நீர்மோர், அல்லது ஓ.ஆர்.எஸ். விளம்பரத்தில் வருவதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வாங்குங்கள், உங்கள் காசு.

அரசுப் பணித் தேர்வுக்குப் பல வருடமாகப் படிக்கிறேன். ஒவ்வொரு முறையும் சில மதிப்பெண்ணில் போய்விடுகிறது. தினமும் 14 மணி நேரம் படிக்கிறேன். விடாமல் முயற்சி செய் என்கிறார்கள் சிலர், கல்யாணம் பண்ணிக்கொள் என்கிறார்கள் சிலர். ஓட்டத்தைப் பற்றி எழுதும் நீங்கள் என்ன சொல்வீர்கள்?
பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

அம்மிணி, இது விளையாட்டுப் பக்கம். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன்.

முதலில் அந்த 14 மணி நேரம். தேர்வு நாளன்று மட்டும் தேவைப்படும் தீவிரத்தைத் தினமும் காட்டினால் மூளையும் கெண்டைக்கால் மாதிரி பிடித்துக்கொள்ளும். நாளைக்கும் உட்காரத் தோன்றுகிற அளவோடு இன்றைக்குப் புத்தகத்தை மூடுங்கள். ஏழெட்டு மணி நேரம் ஒழுங்காகப் படித்தால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது கட்-ஆஃப். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே காம்ரேட்ஸ் என்று ஒரு பந்தயம், 1921-லிருந்து நடக்கிறது. கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், 12 மணி நேரம் கெடு. கெடு முடியும் நொடியில் ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றபடி ஒருவர் துப்பாக்கியால் சுடுவார். ஒரு நொடி பிந்தினாலும் கணக்கில் வராது. கொடுமையாகத் தெரியும். ஆனால் அந்தக் கெடு எப்போது என்று காலையில் கிளம்பும்போதே எல்லாருக்கும் தெரியும்.

உங்களுக்கும் ஒரு கெடு வேண்டும். அதை ரிசல்ட் வந்த ராத்திரியில் அழுதுகொண்டே முடிவு செய்யாதீர்கள். 80-வது கிலோமீட்டரில் மூளை சொல்வதை எந்த ஓட்டக்காரனும் நம்ப மாட்டான். மனசு நிதானமாக இருக்கும் ஒரு நாளில் அப்பா அம்மாவையும் உட்கார வைத்து, இந்த மாதம் வரை என்று பேசி எழுதி வையுங்கள். அதுவரை கல்யாணப் பேச்சு யாரும் எடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கெடு வந்ததும் ஏதாவது வேலைக்குப் போங்கள். போனால் எல்லாம் முடிந்தது என்று இல்லை. அதே காம்ரேட்ஸில் வாலி ஹேவர்ட் 1930-ல் முதல் முறை ஜெயித்தார். அடுத்து ஜெயித்தது 1950-ல்! அதற்குப் பிறகும் மூன்று முறை வென்றார். 1989-ல், 80 வயதில், கெடு முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது கோட்டைத் தொட்டார்.

எனக்கு 64 வயது. பேத்தி ஓடுவதைப் பார்த்து ஆசை வந்திருக்கிறது. இனிமேல் ஆரம்பிக்கலாமா? சேலைதான் கட்டுவேன்.
ஒரு பாட்டி, திண்டுக்கல்

தாராளமாக, அம்மா. பஞ்சாபில் பிறந்து லண்டனில் குடியேறிய ஃபௌஜா சிங் தன் முதல் மாரத்தானை 2000-ல் ஓடியபோது வயது 89 என்று சொன்னார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் ஒத்துக்கொள்ளவில்லை. நம்மூரில் அந்த வயதுக்காரர்கள் யாரிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, சொல்லுங்கள்!

முதலில் டாக்டரிடம் போய் பி.பி., சுகர், இதயம் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் ஒரு மாதம் வெறும் நடை. அதற்குப் பிறகு ஒரு நிமிடம் மெல்ல ஓட்டம், மூன்று நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். சேலை பரவாயில்லை, கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். செருப்பு மட்டும் வேண்டாம், பேத்தியிடம் சொல்லி ஷூ வாங்குங்கள். காலையில் கடைக்குப் போகாதீர்கள். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போது போட்டுப் பார்த்து வாங்கினால்தான் ஓடும்போது விரலைக் கடிக்காது.