வாசகர் கேள்வி பதில்: குறைந்த செலவில் லண்டனில் ஒரு வாரம்

கேள்வி: பணி ஓய்வு பெற்ற நானும் என் மனைவியும் லண்டனில் ஒரு வாரம் தங்கிச் சுற்றிப் பார்க்க விரும்புகிறோம். பல இடங்களுக்கும் சேர்த்து ஒரே சுற்றுலா பாஸ் வாங்கிவிட்டால் செலவு குறையும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அத்தகைய பாஸுக்குக் கொடுத்த பணம் திரும்ப வேண்டுமானால், நாள்தோறும் மூன்று நான்கு கட்டண இடங்களை ஓட்டமும் நடையுமாகப் பார்த்து முடிக்க வேண்டியிருக்கும். உங்கள் வயதில் அது இன்பப் பயணமாக இராது. அதைவிட முக்கியமான காரணம், அந்நகரின் மிகச் சிறந்த இடங்கள் பலவற்றுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது என்பதாகும். அரசு நிதியில் இயங்கும் தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் 2001 டிசம்பர் முதல் அனைவருக்கும் இலவசம். சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் தனிச் சீட்டு வாங்க வேண்டும். அவற்றைத் தவிர்த்தாலும் ஒரு வாரம் போதாது.

செலவைக் குறைக்கும் உண்மையான வழி, ஒரு நாளுக்கு ஒரு பகுதி என்று வகுத்துக்கொண்டு அப்பகுதிக்குள் நடந்தே பார்ப்பதுதான். முதல் நாளை புளூம்ஸ்பரி பகுதிக்குக் கொடுங்கள். 1759இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. எல்லோரும் பழைய எகிப்திய எழுத்துகளைப் படிக்க உதவிய ரொசெட்டா கல்லைச் சுற்றிக் கூட்டமாக நிற்பார்கள். நீங்கள் ஆந்திரத்து அமராவதியிலிருந்த பௌத்த ஸ்தூபத்தின் சுண்ணாம்புக்கல் சிற்பங்களைத் தேடிச் செல்லுங்கள். 1840களில் வால்டர் எலியட் என்னும் அதிகாரி தோண்டியெடுத்து, சில காலம் சென்னையில் கிடந்து, பின்னர் கப்பலேறிய சிற்பங்கள் அவை. அதே ஸ்தூபத்தின் மற்றொரு பகுதியை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்டவர்களுக்கு, இரண்டையும் மனத்தில் சேர்த்துப் பார்ப்பது ஓர் அரிய அனுபவம். அங்கிருந்து சில நிமிட நடையில், லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வுப் பள்ளி வளாகத்தில், 1996இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலையைக் காணலாம். மாலையில் பிரிட்டிஷ் நூலகத்துக்கு நடந்து சென்றால், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு விதித்த 1215ஆம் ஆண்டின் மேக்னா கார்ட்டா சாசனம் உள்ளிட்ட ஆவணங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

தெற்குக் கென்சிங்டனுக்கு இன்னொரு நாள். இயற்கை வரலாறு, அறிவியல், விக்டோரியா ஆல்பர்ட் ஆகிய மூன்று அருங்காட்சியகங்களும் அங்கு அருகருகே உள்ளன. மூன்றாவதில் திப்பு சுல்தானின் மரப்புலி இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் இந்த அருங்காட்சியகம் இரவு பத்து மணிவரை திறந்திருக்கும் என்பதால், இப்பகுதிக்கு அந்தக் கிழமையை ஒதுக்குவது நல்லது. கூட்டம் கலைந்த பிறகு நிதானமாகப் பார்க்க முடியும். டிரஃபால்கர் சதுக்கத்து நேஷனல் கேலரி, வெஸ்ட்மின்ஸ்டர், பக்கிங்காம் அரண்மனையின் காவலர் மாற்றம் ஆகியவை ஒரு நாளில் அடங்கும். நாடாளுமன்ற விவாதத்தைப் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து கேட்கவும் கட்டணம் இல்லை. வரிசையில் காத்திருக்கும் பொறுமை மட்டும் வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து தேம்ஸ் நதியின் தென்கரை வழியாக டவர் பாலம் வரை நடப்பதற்கும், கிரீனிச்சுக்கும் தனித்தனி நாட்கள் தேவை. தென்கரை நடையின் நடுவே, பழைய மின்நிலையத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டேட் மாடர்ன் கலைக்கூடம் வரும். கிரீனிச்சில் கடல்சார் அருங்காட்சியகம் இலவசம், வானாய்வகத்துக்கு மட்டும் கட்டணம். பூங்காவின் குன்றின் மேலிருந்து நகரம் முழுவதையும் காணலாம் என்பதால், அந்தக் கட்டணத்தைக் கொடுக்காவிட்டாலும் பெரிய இழப்பில்லை.

கட்டண இடம் ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் லண்டன் கோபுரம் என்னும் பழங்கோட்டையைத் தேர்ந்தெடுங்கள். தலைக்கு முப்பது பவுண்டுக்கு மேல் ஆகும். ஆயினும், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு வரலாறும் அரச மணிமுடிகளும் சேர்ந்திருக்கும் அவ்விடத்துக்கு முழு நாளையும் கொடுத்தால் அந்தப் பணம் வீணாகாது. செயின்ட் பால் பேராலயத்துக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்துக்கும் சுற்றுலாப் பயணியாகச் சென்றால் கட்டணம் உண்டு. மாலை வழிபாட்டுக்குச் செல்பவர்களிடம் எதுவும் வாங்குவதில்லை. பாடகர் குழுவின் இசை அந்த உயர்ந்த கூரையின் கீழ் ஒலிப்பதைக் கேட்பது, கையில் வழிகாட்டிப் புத்தகத்தோடு சுற்றிவருவதைவிட மேலானது. வழிபாட்டுக்கு வந்தவர்களாகவே அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும், படம் எடுக்கக் கூடாது.

கேள்வி: சுரங்க ரயிலில் போவதா, பேருந்தில் போவதா? எந்தச் சீட்டை வாங்குவது?

பதில்: தாளில் அச்சிட்ட சீட்டு எதையும் வாங்காதீர்கள். தொட்டுச் செல்லும் வங்கி அட்டையோ, லண்டன் போக்குவரத்துக்கென முன்பணம் போட்டு வைத்துக்கொள்ளும் ஆய்ஸ்டர் அட்டையோ இருந்தால் போதும். ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும். வாரம் முழுவதும் அதே அட்டையைப் பயன்படுத்த வேண்டும். ஒரு நாளில் எத்தனை முறை பயணம் செய்தாலும் குறிப்பிட்ட உச்ச வரம்புக்கு மேல் பிடித்தம் செய்வதில்லை. வாரத்துக்கும் இத்தகைய வரம்பு உண்டு. ஆனால் அந்த வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிவது. வியாழக்கிழமை வந்திறங்கினால் உங்கள் ஏழு நாட்கள் இரண்டு வாரக் கணக்குகளாகப் பிரிந்து, வாரச் சலுகை கைக்கு எட்டாமலே போகலாம். தேதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைத் தொட வேண்டும். பேருந்தில் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும். நம் ஊர் வங்கி அட்டையானால் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் எவ்வளவு என்று புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அவசரமில்லாதவர்களுக்கு நான் பேருந்தையே பரிந்துரைப்பேன். 2025இல் ஒரு பயணத்துக்கு 1.75 பவுண்டு, முதல் பேருந்தில் ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்துகளுக்கு மாறினாலும் கூடுதல் கட்டணம் இல்லை. நாள் முழுவதும் பேருந்தில் மட்டுமே சுற்றினாலும் அந்த ஆண்டில் 5.25 பவுண்டைத் தாண்டவில்லை. பேருந்தில் ரொக்கப் பணம் வாங்குவதில்லை. மாடிப் பேருந்தின் மேல்தளத்து முன்னிருக்கை கிடைத்தால், கென்சிங்டன் வழியாக டிரஃபால்கர் சதுக்கம் செல்லும் 9ஆம் எண் பேருந்தே நல்லதொரு சுற்றுலா வண்டியாகிவிடும். ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர பிக்காடில்லி தட ரயிலைப் பிடியுங்கள். விரைவு ரயிலைவிட நேரம் கூடுதலாகும், கட்டணம் மிகக் குறைவு.

கேள்வி: தங்குமிடமும் சைவ உணவும்தான் எங்களுக்குக் கவலை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் செலவில் பெரும்பங்கு அறை வாடகைக்கே போகும் என்பதால், சிக்கனத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். போக்குவரத்துக் கட்டணத்துக்காக லண்டனை மையத்திலிருந்து வெளிநோக்கி மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நகர மையத்தை விட்டு இரண்டாம் அல்லது மூன்றாம் மண்டலத்தில், ரயில் நிலையத்திலிருந்து நடந்துசெல்லும் தூரத்தில் அறை பாருங்கள். கோடை விடுமுறையில் செல்வதானால், காலியாக இருக்கும் பல்கலைக்கழக மாணவர் விடுதிகளில் பயணிகளுக்கு அறை தருவார்கள். சமையலறை உள்ள விடுதியாக அமைந்தால் காலை உணவும் இரவு உணவும் உங்கள் கையில். மதியத்துக்கு, பெரிய மளிகைக் கடைகளில் சாண்ட்விச், நொறுக்குத்தீனி, பானம் மூன்றும் சேர்த்து ஒரே சலுகை விலையில் விற்கிறார்கள். சைவ வகைகளும் இருக்கும். யூஸ்டன் நிலையத்தை ஒட்டிய டிரம்மண்ட் தெருவில் இந்தியச் சைவ உணவகங்கள் உண்டு. பிரிட்டிஷ் நூலகத்தைப் பார்க்கும் நாளில் அங்கே சாப்பிடலாம். இட்லி, தோசை இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பகுதிகள் இருக்கின்றன. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பாட்டில் தண்ணீருக்குச் செலவிட வேண்டாம்.

கேள்வி: உயரத்திலிருந்து நகரைப் பார்க்க ‘லண்டன் ஐ’ என்னும் ராட்சத ராட்டினத்துக்குச் சீட்டு வாங்குவது அவசியமா?

பதில்: அவசியமில்லை. ஃபென்சர்ச் தெருவிலுள்ள ஸ்கை கார்டன் என்னும் வானுயர் தோட்டத்துக்கு அனுமதி இலவசம். ஆனால் இணையத்தில் நாளும் நேரமும் முன்பதிவு செய்திருக்க வேண்டும். இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே பார்த்துவந்து, சூரியன் மறையும் நேரத்தையொட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.