இடம் கிடைக்காத வருடத்தில் என்ன செய்வது?

வணக்கம் அம்மா. மகனுக்குத் திரைப்படக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை, ஒரு வருடம் வீட்டில் சும்மா இருந்தால் கெட்டுப்போவான் என்று பயப்படுகிறீர்கள். சும்மா இருந்தால் கெட்டுத்தான் போவான்.

ரோஜர் டீக்கின்ஸ் என்ற ஒளிப்பதிவாளரின் பெயரை அவன் வீட்டில் சொல்லியிருப்பான். ஒளிப்பதிவுக்கு ஆசைப்பட்டு என்னிடம் வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் சொல்லும் பெயர். 1949-ல் இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில் பிறந்தவர். பாத் நகரக் கலைக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படிக்கும்போது புகைப்பட ஆசை பற்றிக்கொண்டது. அப்போதுதான் தொடங்கியிருந்த தேசியத் திரைப்படப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். உங்கள் படங்களில் சினிமாத்தனம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்!

அந்த வருடம் வடக்கு டெவன் கிராமங்களில் கேமராவோடு அலைந்தார். அங்கிருந்த கலை மையம் ஒன்றுக்காக ஊர் மக்களின் வாழ்க்கையைப் படமெடுக்கும் வேலை. 1972-ல் அதே பள்ளியில் சேர்ந்தார். படித்து முடித்ததும் சினிமா கூப்பிடவில்லை, ஆவணப்படங்கள்தான். பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் பந்தயத்தைப் படம்பிடிக்க ஒன்பது மாதத்துக்கு மேல் கடலில் கிடந்தார். நடுக்கடலில் 'இன்னொரு டேக்' கேட்க முடியாது. வெளிச்சம் எப்படி வருகிறதோ அப்படியே எடுக்க வேண்டும். ஆஸ்கருக்கு முதல் பரிந்துரை 1995-ல். விருது கைக்கு வந்தது 2018-ல், பதினான்காவது பரிந்துரையில். சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருக்கும் பையனிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

கடன் வாங்கிப் புதுக் கேமரா வாங்கித் தராதீர்கள். லென்ஸ் மாற்றக்கூடிய பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, ஒரு 50 மி.மீ. லென்ஸ் போதும். மீன் சந்தையோ செங்கல் சூளையோ, ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளட்டும். விடிகாலையிலும் உச்சி வெயிலிலும் விளக்கு வைத்த பிறகும் போகட்டும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதட்டும். முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடியோ எடுப்பவரிடம் உதவிக்குப் போகலாம், கைச்செலவுக்கு ஆகும். அதைக் கேவலமாக நினைத்தால்தான் எனக்குக் கவலை.

வருமானத்தைப் பற்றி மறைக்க மாட்டேன்: மாதச் சம்பளம் இல்லாத தொழில், படம் இல்லாத மாதங்கள் வரும். அதனால் தபால் வழியிலாவது ஒரு பட்டப்படிப்பு கூடவே ஓடட்டும்.

ஆறு மாதம் கழித்து, தேறின இருபது படங்களைப் பிரிண்ட் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். போனில் காட்டினால் பார்க்க மாட்டேன்.