நத்தார் இரவு விருந்தை முன்கூட்டியே சமைத்து வைக்கலாமா?

நத்தார் இரவு உணவுக்கு 15 பேர் வருகிறார்கள் என்றும், 24ஆம் திகதி நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய்வந்த களைப்போடு மறுநாள் முழுவதும் அடுப்படியில் நிற்க இயலாது என்றும், ஆகவே எவற்றையெல்லாம் முன்னரே சமைத்து வைக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாலையூற்றில் உள்ள எங்கள் வீட்டில் கடந்த பதினொரு ஆண்டுகளாக இந்த விருந்தை நானே செய்துவருகிறேன். என் அம்மா அன்று காலை முதல் அடுப்படியில் நின்று, எல்லோரும் உண்டு முடித்த பின்னர் தனியே தட்டெடுத்து அமர்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால், சமைத்தவரும் மற்றவர்களுடன் ஒரே நேரத்தில் மேசைக்கு வரவேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

நம் சமையலில் முன்னரே செய்யக்கூடியதையும் கூடாததையும் பிரிப்பது தேங்காய்ப்பால்தான். பால் விடுவதற்கு முந்திய நிலை வரை எந்தக் கறியையும் முன்னதாகச் சமைத்துக் குளிரூட்டி வைக்கலாம். முதற்பாலை மட்டும் பரிமாறும் நாளில்தான் பிழிந்து விடவேண்டும். பால் சேர்ந்த கறி விரைவில் புளிக்கும். மீண்டும் கொதிக்க வைக்கும்போது பால் திரிந்து எண்ணெய் தனியே மிதக்கும். இதை நான் நட்டப்பட்டே கற்றுக்கொண்டேன். ஓர் ஆண்டு 3 கிலோ ஆட்டிறைச்சியை முதற்பாலும் விட்டு முழுமையாகச் சமைத்து, திருப்பலியிலிருந்து திரும்பி வந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம் என்று எண்ணி, சட்டியை மூடி அடுப்பிலேயே விட்டுச் சென்றேன். வீடு திரும்பிய பின் அசதியில் அதை மறந்தும் போனேன். காலையில் மூடியைத் திறந்தபோது நுரை கட்டியிருந்தது. நத்தார் நாள் விடியும் வேளையில் அத்தனை இறைச்சியையும் கிணற்றடிக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தபோது அழுகையே வந்துவிட்டது. உணவு கெடுவதற்குக் காரணமான பக்டீரியாக்கள் 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையிலேயே வேகமாகப் பெருகுகின்றன. சமைத்த உணவை அந்த நிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது.

இப்போது இறைச்சி வேலையை 23ஆம் திகதியே முடித்துவிடுகிறேன். வெங்காயம், இஞ்சி, உள்ளி, கறுவா, ஏலம், கராம்பு, றம்பை, கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து, கறித்தூளும் உப்பும் பிரட்டிய இறைச்சியைச் சேர்த்து, அது விடும் நீரோடு தேவையான அளவு சுடுநீரும் விட்டு, முக்கால் பதத்துக்கு மேல் அவித்து இறக்குகிறேன். ஆட்டிறைச்சிக்கு இந்த இரண்டு நாள் காத்திருப்பு நன்மையே செய்கிறது. உப்பும் உறைப்பும் உள்ளே இறங்குகின்றன. 25ஆம் திகதி மாலையில் அதை நன்றாகக் கொதிக்கவிட்டு, முதற்பால் சேர்த்து, வறுத்திடித்த பெருஞ்சீரகத்தூளைத் தூவி, தேசிக்காய்ப் புளி விட்டு இறக்கினால், அன்றே சமைத்த கறியைவிடச் சுவையாக இருக்கும் என்பது என் உறுதியான கருத்து. கோழிக் கறிக்கும் இதே முறை பொருந்தும், ஆனால் அதனை 24ஆம் திகதி காலையில் செய்வது போதும். உறைந்த முழுக் கோழியாக இருந்தால் முதல் நாளே உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஏனெனில் 2 கிலோ கோழி அங்கே இளகுவதற்கு ஏறத்தாழ ஒரு முழு நாள் எடுக்கும்.

ஆறவைக்கும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். பெரிய சட்டியில் உள்ள கறியின் மேற்பகுதி ஆறினாலும் நடுப்பகுதி பல மணி நேரம் சூடாகவே இருக்கும். ஆகவே ஆழம் குறைந்த பாத்திரங்களில் 5 சென்றிமீற்றர் உயரத்துக்கு மேற்படாமல் பிரித்து, ஆவி அடங்கியதும் உள்ளே வைத்துவிடுங்கள். அதற்கு இடம் வேண்டுமென்பதால் 22ஆம் திகதி குளிர்சாதனப் பெட்டியை ஒழித்துத் துடைத்து, உறைபெட்டியின் இடைவெளிகளில் தண்ணீர்ப் போத்தல்களை உறையவைக்கிறேன். மார்கழி நமக்கு வாடைக்காற்றும் மழையும் உள்ள காலம். மின்சாரம் எப்போதும் போகலாம். கதவைத் திறக்காமல் விட்டால் குளிர்சாதனப் பெட்டி ஏறத்தாழ 4 மணி நேரமும், நிறைந்த உறைபெட்டி ஏறத்தாழ 48 மணி நேரமும் குளிரைத் தாங்கும். வீட்டில் உள்ளவர்களிடம், குறிப்பாகக் குளிர்பானம் தேடும் பிள்ளைகளிடம், இதை முன்னரே சொல்லி வையுங்கள்.

அதே வாடைக்காற்றினால் கடல் கொந்தளித்து, படகுகள் கரையிலேயே நிற்கும் நாட்கள் பல வரும் என்பதால், மீனை நம்பி விருந்தைத் திட்டமிடாதீர்கள். கிடைத்தால் அன்று பொரிக்கலாம். கட்லட்டுக்கு ரின் மீனே போதும். அதை உருட்டி, முட்டையில் தோய்த்து, பாண்தூள் பிரட்டி ஒரு வாரத்துக்கு முன்னரே உறையவைத்துவிடலாம், பொரிப்பது மட்டும் அன்றைய வேலை. அச்சாறு, சீனிச் சம்பல், வினாகிரி சேர்ந்த கத்தரிக்காய் மோஜு ஆகியன இரண்டு மூன்று நாள் இருந்தால்தான் கூடிவரும். நத்தார் கேக்கைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கார்த்திகையில் பழங்களை ஊறப்போடாதவர்கள் இனி அதைக் கடையில் வாங்குவதே நல்லது.

சோற்றை மட்டும் எக்காரணம் கொண்டும் முதல் நாள் சமைக்காதீர்கள். அரிசியில் இருக்கும் பசிலஸ் சீரியஸ் என்னும் பக்டீரியாவின் வித்துகள் அவிந்த பின்னும் உயிரோடிருக்கும். சோறு வெளியில் இருந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. 15 பேருக்கு 2 கிலோ கீரிச் சம்பா போதும். நெய்ச்சோற்றுக்கான வெங்காயத்தையும் கஜுவையும் 24ஆம் திகதி பொரித்துப் போத்தலில் அடைத்து வைத்தால், அரிசியைக் கழுவி அடுப்பில் ஏற்றுவதே மிச்ச வேலை.

இனிப்புக்கு நான் வட்டிலப்பம் செய்கிறேன். அதில் தேங்காய்ப்பால் உண்டு என்பது உண்மைதான். ஆனால் முட்டையோடு ஆவியில் இறுகிய பின் ஆறியதும் நேரே குளிருக்குள் போய்விடுவதால், 24ஆம் திகதி மாலையில் செய்தாலும் கெடுவதில்லை. நேரமில்லையென்றால் கிண்ணியாவிலிருந்து வரும் எருமைத் தயிர் ஒரு சட்டியும் கித்துள் பாணியும் வாங்கி வையுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

இவ்வாறு செய்தால் 25ஆம் திகதி மாலை 5 மணிக்குத் தேங்காய் துருவுவதில் தொடங்கி, பால் பிழிந்து, கறிகளைச் சூடாக்கி, சோறு வடித்து, கட்லட்டும் அப்பளமும் பொரித்து, 7 மணிக்குள் அடுப்பை அணைத்துவிடலாம். எங்கள் வீட்டில் விருந்து 8 மணிக்கு. இடையில் உள்ள ஒரு மணி நேரத்தில் நான் குளித்து, புதுச் சேலை உடுத்திக்கொள்கிறேன்.