சிவில் கேஸுல சாட்சியா கூப்பிட்டா பதில் சொல்லாம இருக்கலாமா?

சீவலப்பேரி பக்கம் ஒரு நிலத்த வித்த பத்திரத்துல, எழுதிக் கொடுத்தவர் மூஞ்சியக் கூட பாக்காம சாட்சிக் கையெழுத்து போட்டுட்டிய, இப்ப அந்த நிலத்து மேல கேஸ் நடக்கு, பாளையங்கோட்டை கோர்ட்டுல இருந்து சாட்சி சம்மன் வந்திருக்கு, உண்மையச் சொன்னா நாமளே மாட்டிக்கிடுவோமோ, அமெரிக்கா சீரியல்ல மாதிரி வாய மூடிக்கிடலாமான்னு கேக்கிய.

முடியாது தம்பி. ஆனா நீங்க பயப்படுத அளவுக்கும் இல்ல. வக்கீல் குமாஸ்தாவா கோர்ட்டு வாசல்லயே என் காலம் போச்சு, தெரிஞ்சத சொல்லுதேன்.

அந்த சீரியல்ல வாரது டெபொசிஷன். ஜட்ஜ் இல்லாம, வக்கீல் ஆபீஸ்ல வச்சே சத்தியம் வாங்கிட்டு கேள்வி கேப்பாவ, ஒருத்தர் உக்காந்து ஒரு வார்த்தை விடாம டைப் பண்ணுவாரு, ஃபெடரல் கோர்ட்டு கேஸ்னா சாதாரணமா ஒரே நாள், 7 மணி நேரம். அங்க, தனக்கு எதிரா சாட்சி சொல்ல கட்டாயப்படுத்தக் கூடாதுங்கிற அவங்க அரசியல் சாசனத்து ஐந்தாவது திருத்தத்தச் சொல்லி பதில் மறுக்கலாம். ஆனா சிவில் கேஸுல அப்படி மறுத்தா "இவன் எதையோ மறைக்கான்"னு எடுத்துக்கிடலாம்னு 1976லயே அந்த ஊர் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிட்டு. சீரியல்ல அத காட்ட மாட்டாவ.

நம்ம அரசியல் சாசனத்துலயும் அதே மாதிரி 20(3)னு ஒரு பிரிவு இருக்கு, ஆனா அது குற்றம் சாட்டப்பட்டவனுக்கு. நீங்க சிவில் கேஸுல சாட்சி. உங்களுக்கு உள்ளது புது சாட்சியச் சட்டத்துல 137ஆவது பிரிவு, பழைய சட்டத்துல 132ஆ இருந்ததுதான் அது. கேள்வி கேஸுக்கு சம்பந்தப்பட்டதா இருந்தா, "சொன்னா நான் மாட்டிக்கிடுவேன்"னு சாக்கு சொல்லி தப்பிக்க முடியாது, ஆனா கட்டாயத்துல நீங்க சொன்ன அந்த பதில வச்சு உங்கள கைது பண்ணவோ, கேஸ் போடவோ, கிரிமினல் கோர்ட்டுல உங்களுக்கு எதிரா காட்டவோ கூடாது. ஒரே ஒரு விலக்கு, அந்த பதிலே பொய்யா இருந்தா பொய் சாட்சி கேஸ் வரும். அதனால உங்களுக்கு ஆபத்து உண்மையச் சொல்லுததுல இல்ல, "பாத்தேன், என் முன்னாலதான் கையெழுத்து போட்டாரு"ன்னு சமாளிக்கதுலதான் இருக்கு. கூண்டுல ஏறி அப்படிச் சொல்லி, குறுக்கு விசாரணையில வேர்த்து நின்னவங்கள எத்தனையோ பேர பாத்தாச்சு.

கட்டாயத்துல சொன்ன பதில்ங்கதுதான் முக்கியம், அதனால அந்த கேள்வி விழுந்த உடனே "ஐயா, இது என்ன குற்றத்துல மாட்டி விடுத கேள்வி"ன்னு ஜட்ஜ்கிட்ட சொல்லி அத பதிவு பண்ண வச்சுக்கிடுங்க, அவுக சொல்லச் சொன்ன பிறகு சொல்லுங்க. சில சமயம் அட்வகேட் கமிஷனர், அதாவது கோர்ட்டு நியமிக்கித ஒரு வக்கீல் முன்னால விசாரணை வைப்பாவ, நம்ம ஊர்ல டெபொசிஷனுக்கு கிட்டத்துல வாரது அதான். அவரு ஆட்சேபணைய எழுதிக்கிடுவாரு, முடிவு பண்ண மாட்டாரு, கோர்ட்டுதான் பிறகு பாக்கும்.

இதே விஷயம் ஆள்மாறாட்டப் புகாரா போலீசுக்குப் போச்சுன்னா கதை வேற. அங்க உங்கள மாட்டி விடுத கேள்விக்கு பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல, மத்ததுக்கு உண்மையச் சொல்லணும். எஸ்.ஐ. எழுதுத வாக்குமூலத்துல கையெழுத்து வாங்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. ஆனா ஒப்பிட்டுப் பாக்க கையெழுத்து மாதிரி கேட்டா 20(3)ஐச் சொல்லி மறுக்க முடியாது, அது சாட்சி சொல்லுததுல சேராதுன்னு 1961ல 11 ஜட்ஜ் உக்காந்து தீர்ப்பு சொல்லியாச்சு.

இன்னொண்ணு, உங்கள சாட்சியா கூப்பிட்ட கட்சிக்காரரோட வக்கீல் உங்க வக்கீல் இல்ல, அவரு எவ்வளவு தேனா பேசினாலும் சரி. தனியா ஒருத்தர பாருங்க, பத்திரத்தோட நகல் சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு போட்டு வாங்கிட்டுப் போங்க. சம்மனோட பேட்டா, அதாவது நீங்க வந்து போக உள்ள செலவுப் பணம், கட்டிருக்காவளான்னும் பாத்துக்கிடுங்க, அத கேட்டு வாங்க நம்ம ஆளுவ ஏன்தான் கூச்சப்படுதாவளோ.