உளுந்து நெற்றாகிவிட்டது, மேற்கே தினமும் இருட்டுகிறது: பறிக்கலாமா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஐந்து மா நிலத்தில் தாளடி நெல் அறுவடைக்குப் பின் விதைத்த உளுந்து முற்றி நிற்கிறது. "மேற்குத் தொடர்ச்சி மலை மாவட்டங்களிலும் டெல்டாவிலும் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை" என்று தினமும் சொல்கிறார்கள். சாயங்காலம் வானம் மூடுகிறது, பெய்யாமலே கலைகிறது. பறிக்கலாமா, பொறுக்கலாமா? குடகில் நல்ல மழையாமே, மேட்டூர் சீக்கிரம் திறக்குமா?

பறித்துவிடுங்கள். முக்கால்வாசிக்கு மேல் காய் கறுத்துவிட்டால், மீதியும் முற்றட்டும் என்று விட்டுவைப்பதில் கிடைப்பது கொஞ்சம், போகக்கூடியது அதிகம். நெற்றான காயில் மழை இறங்கி ஈரம் நின்றால் செடியிலேயே முளை விடும். முளைக்காமல் தப்பினாலும் மணி நிறம் மங்கி விலை விழும். எந்த நேரத்தில் பறிப்பது, ஒரு நாளில் எவ்வளவு பறிப்பது என்பதை மட்டும் வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முதலில் அந்த "ஓரிரு இடங்களில்". இதைப் பலர் "பெய்தாலும் பெய்யும், பெய்யாமலும் போகும்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். வானிலை மையம் சொல்வது பரப்பை. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசி வரை மழை பதிவாகும் என்றால் "ஓரிரு இடங்கள்". கால்வாசிக்கு மேல் பாதி வரை என்றால் "ஒருசில இடங்கள்". ஆகவே நீடாமங்கலத்தில் கொட்டி உங்கள் ஊரில் தூறல்கூட விழாவிட்டாலும் அறிவிப்பு பொய்த்ததாக ஆகாது. அறிவிப்பில் "ஒருசில இடங்கள்" என்று வந்த அன்று மட்டும் பறிப்பைத் தள்ளிப்போடலாம்.

இனி மழை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இது புரிந்தால் பாதிக் கவலை தீரும். பங்குனி, சித்திரையில் நமக்கு இரண்டு வகை மழை உண்டு. முதலாவது மேற்கே பிறப்பது. முற்பகலில் கடற்காற்று கரையேறி உள்ளே நகர்கிறது. உள்மாவட்டங்களில் அது மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றைச் சந்திக்கும் இடத்திலும், நீலகிரி, கொடைக்கானல், கொல்லிமலை, பச்சைமலைச் சரிவுகளிலும் ஈரக்காற்று மேலெழுந்து பிற்பகலிலேயே இடிமேகமாகிவிடுகிறது. அந்த மேகம் நம்மிடம் வருமா என்பதைத் தீர்மானிப்பது உயரத்தில் வீசும் காற்று. அது மேற்கிலிருந்து வீசினால் மேகம் திருச்சி, புதுக்கோட்டையைத் தாண்டி இருட்டிய பிறகு தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கம் வரும். கிழக்கிலிருந்து வீசினால் மலையை விட்டு இறங்காது. மலை மாவட்டங்களில் நல்ல மழை, நமக்குப் புழுக்கம்தான்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முற்றிய இடிமேகத்தின் உச்சி தட்டையாக விரியும். அந்த விரிப்பு உங்கள் பக்கம் நீண்டால் உயரத்துக் காற்று மேற்கிலிருந்து வருகிறது என்று பொருள். களத்தை மூட வேண்டியதுதான். ஆனால் விரிப்பு மட்டும் தலைக்கு மேல் வந்து, மழை தரும் அடிமேகம் வழியிலேயே சோர்ந்துபோவதும் உண்டு. கடற்காற்று பரவிய குளிர்ந்த தரைக்கு மேல் வந்ததும், மேகத்தை வளர்க்கும் சூடான காற்று அதற்குக் கிடைப்பதில்லை. உங்கள் ஊரில் மூடிக் கலைவது பெரும்பாலும் இதனால்தான்.

இரண்டாவது வகை கிழக்கே, கடலிலிருந்து வருவது. குமரிக்கடல், இலங்கைப் பக்கம் "வளிமண்டலக் கீழடுக்கு சுழற்சி" என்று அறிவிப்பில் கேட்டால் உஷாராகுங்கள். அந்த மழை பின்னிரவிலும் விடியற்காலையிலும், எல்லாரும் தூங்கும்போது வரும். நாகப்பட்டினம், வேதாரண்யத்தில் தொடங்கி உள்ளே நகரும். இது அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் 2022 மார்ச்சில் வங்கக் கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமே உருவாகி நம் கரையை நோக்கி வந்தது. அது கரை வருமுன் வலுவிழந்ததால் தப்பித்தோம்.

சரி, வேலைக்கு வருவோம். விடிந்ததும் பறிக்கத் தொடங்குங்கள். பனி ஈரத்தில் நெற்று வெடித்துச் சிதறாது. அன்றைக்குத் தார்ப்பாயால் மூட முடிந்த அளவுக்கு மேல் பறிக்காதீர்கள். மேட்டுக் களத்தில் பரப்பி, வெயிலில் நன்றாகக் காய்ந்ததும் அடித்துவிடுங்கள். மழைக்கு மூடினால் மழை விட்டதும் திறந்துவிட வேண்டும். ஈரச்செடியை மூடியே வைத்தால் புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். மதியத்துக்கு மேல் காரைக்கால் ரேடார் படத்தைப் போனில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இடிச்சத்தம் காதில் விழுந்தால் ஆட்களை உடனே வயலை விட்டு வெளியேற்றுங்கள். மழை இன்னும் வரவில்லையே, இந்த ஒரு பாத்தியை முடித்துவிடலாமே என்று நிற்க வைக்காதீர்கள். மின்னல் மழைக்கு முன்னாலேயே, மேகத்துக்கு வெகு தூரம் வெளியிலும் இறங்கும். பனை, தென்னை, புளியமரத்தடி எதுவும் அடைக்கலம் ஆகாது. காங்கிரீட் வீடு, மூடிய வண்டி, இவைதான் பாதுகாப்பு. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்தே திரும்ப இறங்க வேண்டும். 'தாமினி' என்ற அரசுச் செயலி சுற்றுவட்டாரத்து மின்னலைக் காட்டும்.

மேட்டூர் பற்றி. குடகின் கோடை மழையில் முதல் பங்கைக் காய்ந்த மண்ணே குடித்துவிடும். மிச்சம் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளில் தங்கிவிடும். நீலகிரி மழையில் பெரும்பகுதி பவானிசாகருக்குப் போகிறது. பவானி ஆறே மேட்டூருக்குக் கீழேதான் காவிரியில் சேர்கிறது. அதனால் மலையில் மழை என்ற செய்தியை வைத்து, மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ முன்னே இழுக்க முடியாது. 2022-ல் மே 24 அன்றே திறந்தார்கள். அணை ஏறக்குறைய நிரம்பியிருந்த ஆண்டு அது. 2024-லோ ஜூலை கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 120 அடி அணையில் இன்று எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துக் குறுவை நெல் நாற்றங்காலைத் தீர்மானியுங்கள்.

அதற்கு முன், உளுந்து எடுத்த வயலில் ஒரு நல்ல மழை விழுந்தால் ஈரம் காய்வதற்குள் கோடை உழவு ஓட்டிவிடுங்கள்.