மனசைக் காலியாக்கச் சொன்னது யார்?

கேள்வி: எங்கள் ஊர் முளகுமூடு பக்கம். வீட்டுக்காரர் விடியக்காலம் 4 மணிக்கு ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார். பிள்ளைகள் எழும்புவதற்குள் எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். பிரஷருக்கு மாத்திரை தந்த டாக்டர், கூடவே கொஞ்சம் தியானமும் செய்யுங்கள் என்றார். மொபைலில் ஒரு வீடியோவைப் பார்த்து உட்கார்ந்தேன். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும், மனசைக் காலியாக்க வேண்டும் என்று அதில் சொல்கிறார்கள். பத்து நிமிஷத்தில் கால் மரத்துப்போகிறது, தலை கிறுகிறுக்கிறது. சில நாள் தூங்கிவிடுகிறேன். மற்ற நாட்களில் நினைப்பு முன்னைவிடக் கூடுகிறது. "செபமாலை இருக்கும்போது இது எதுக்கு? அது வேற சாமி கும்பிடுறது" என்கிறார் அம்மா. பக்கத்து வீட்டு அக்கா சாமித்தோப்பு அய்யாவழிப் பதிக்குக் கூப்பிடுகிறார். தியானம் என்றால் உண்மையில் என்ன? நான் எதைச் செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூச்சைப் பிடிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: 16 மாத்திரை உள்ளே இழுப்பது, 64 மாத்திரை நிறுத்துவது, 32 மாத்திரை வெளியே விடுவது. மாத்திரை என்பது அங்கே கால அளவு. இயமம் (தீயதை விலக்குவது), நியமம் (நல்லொழுக்கம்), ஆதனம் (இருக்கை) என்று மூன்று படி ஏறியவர்கள் குருவின் முன்னால் பழகும் பயிற்சி அது. இரத்த அழுத்தம் உள்ள ஒருவர் வீடியோ பார்த்து அதைப் பழகக் கூடாது. தலை கிறுகிறுப்பதற்கும் காரணம் உண்டு. ஆழமாக, வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மேல் குறைகிறது. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை சுற்றுகிறது, விரல் நுனி விறுவிறுக்கிறது. இதைச் "சக்தி ஏறுகிறது" என்று நம்பித் தொடர்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி எதுவும் ஏறவில்லை. மூச்சை அதன் போக்கில் விட்டால் அன்றைக்கே சரியாகிவிடும்.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். உங்கள் குழப்பத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. நம் குமரி மாவட்டத்தில் தியானம் என்று சொன்னால் தெருவுக்குத் தெரு வேறு வேறு பொருள். உங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் "மூன்று நாள் தியானம்" என்றால் அருளுரை, பாட்டு, ஒப்புரவு, திருப்பலி. பக்கத்து சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட் சபை) வீட்டில் என்றால் காலையில் வேதம் திறந்து ஒரு வசனத்தை எடுத்துச் சிந்திப்பது. வடசேரியிலோ சுசீந்திரத்திலோ கேட்டால் கண்ணை மூடி உட்காருவது. அம்மா ஒன்றை மனத்தில் வைத்துப் பேசுகிறார், வீடியோக்காரர் வேறொன்றை, டாக்டர் மூன்றாவது ஒன்றை.

விவிலியத்தில் முதலாம் திருப்பாடலின் (சங்கீதத்தின்) இரண்டாம் வசனத்தைப் பாருங்கள். சி.எஸ்.ஐ. வீடுகளில் உள்ள பழைய மொழிபெயர்ப்பில் "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற" மனிதர் வருகிறார். உங்கள் வீட்டுத் திருவிவிலியத்தில் அவரே இரவும் பகலும் "சிந்திப்பர்". மூல எபிரேயத்தில் அங்கே இருக்கும் சொல் "ஹாகா". வாய்க்குள் மெல்ல முணுமுணுப்பது என்று அதற்குப் பொருள். எசாயா நூலில் புறா முனகுவதற்கும், இரைமேல் நின்று சிங்கம் உறுமுவதற்கும் இதே சொல்தான். ஆக, அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு வசனத்தை உதட்டில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

12-ஆம் நூற்றாண்டில் குய்கோ என்ற கார்த்தூசிய சபைக் கத்தோலிக்கத் துறவி இதை நான்கு படியுள்ள ஏணியாக்கினார்: வாசிப்பு, தியானம், மன்றாட்டு, ஆழ்நிலை (சொல்லில்லாமல் இறைவனில் ஆழ்ந்திருப்பது). வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் அதை மெல்லுகிறது, மன்றாட்டு சுவையை எடுக்கிறது, ஆழ்நிலை அந்த இனிப்பாகவே இருக்கிறது என்றார். மாடு அசைபோடுவதைப் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் தியானம் எட்டு அங்கங்களில் ஏழாவது. மனத்தை ஒரே இடத்தில் கட்டுவது தாரணை. கட்டிய இடத்திலேயே அது அறுபடாமல் ஓடினால் தியானம். இராமானுசர் இதை எண்ணெய் ஒழுக்கு என்றார்: தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும், எண்ணெய் ஒரே கம்பியாக இறங்கும். பௌத்தர்களுக்கு மூச்சே பொருள். ஒன்று முதல் பத்து வரை எண்ணுவார்கள், கணக்கு தவறினால் மறுபடி ஒன்று. சமணத்தில் சாமாயிகம் என்ற அமைதி அமர்வு 48 நிமிடம். சிதறால் மலைப் பாறையில் நின்றும் அமர்ந்தும் இருக்கும் தீர்த்தங்கரர்கள் சுமார் 1,100 ஆண்டுகளாக அந்த நிலைகளைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். தொழுகை முடித்த முஸ்லிம் சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 என்று திக்ர், அதாவது இறைநினைவு, செய்கிறார். சூஃபிகள் அதை உள்ளுக்குள் இறக்கி முராகபா என்ற உள்முகத் தியானமாக அமர்கிறார்கள். தக்கலை சூஃபிக் கவிஞர் பீர்முகமது அப்பாவின் ஞானப்புகழ்ச்சிப் பாடல், ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் கூடிப் பாடப்படுகிறது. அதுவும் இந்த வரிசையில் வருவதே.

இத்தனை பேரில் ஒருவராவது தொடங்குகிறவரிடம் "மனசைக் காலியாக்கு" என்று சொல்லவில்லை. ஒரு பற்றுக்கோட்டைக் கையில் கொடுத்துத்தான் உட்காரவைக்கிறார்கள். சொல், மூச்சு, உருவம், வசனம், மணி என்று ஏதோ ஒன்று. நல்லமிளகுக் கொடிக்கு மரம் வேண்டியதுபோல மனத்துக்கும் படர ஒன்று வேண்டும். மரத்தை எடுத்துவிட்டுக் கொடியை நிமிர்ந்து நில் என்றதால்தான் உங்களுக்கு நினைப்பு கூடியது. "சித்த விருத்தி நிரோதம்", அதாவது மனத்தின் அலைகளை அடக்குவது, என்று பதஞ்சலியே சொல்கிறாரே என்று கேட்பவர்கள் உண்டு. அது அவர் காட்டும் ஊர். போகும் வழி பயிற்சியும் பற்றின்மையும் என்று சில சூத்திரம் தள்ளி அவரே சொல்கிறார். விவேகானந்தர் 1892 டிசம்பரில் கன்னியாகுமரிப் பாறையில் இருந்த நாட்களையும் எண்ணிப் பாருங்கள். இந்நாட்டு ஏழைகளுக்கு என்ன செய்வது என்று அங்கே யோசித்ததையும் ஒரு திட்டம் தோன்றியதையும் பின்னால் கடிதத்தில் எழுதினார். நெஞ்சு நிறைய ஒரே கவலையோடு அமர்ந்ததும் தியானமாகத்தான் இருந்தது.

அம்மா சொன்னதை ஒதுக்கிவிடாதீர்கள். செபமாலை போதும் என்பது சரி, அதைத் தியானமாகச் செய்தால். மறையுண்மைகளை (இயேசு, மரியாவின் வாழ்க்கை நிகழ்வுகளை) தியானிக்காத செபமாலை உயிரில்லாத உடல் என்ற பொருளில் திருத்தந்தை ஆறாம் பவுல் 1974-இல் எழுதினார். ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்த 2002-ஆம் ஆண்டு மடலில் இரண்டாம் யோவான் பவுல், மறையுண்மையை அறிவித்ததும் சற்றுநேரம் மௌனமாக இருக்கும்படி பரிந்துரைத்தார். நம் வீடுகளில் 53 அருள் நிறை மந்திரமும் ஓட்டமாய் ஓடி முடிகிறது, அந்த மௌனம் மட்டும் விட்டுப்போகிறது. கண்ணை மூடி அமர்வது வேற சாமி கும்பிடுவதா என்றால், இல்லை. 1989-இல் வத்திக்கான் கிறிஸ்தவத் தியானம் பற்றி ஒரு மடல் வெளியிட்டது. மற்ற மரபுகளின் முறைகளில் பயனுள்ளதை எடுத்துக்கொள்ளலாம், செபத்தின் கிறிஸ்தவப் பொருள் மறைந்துவிடக் கூடாது என்பது அதன் நிலை. உடல் தளர்ந்து கிடைக்கும் இதத்தைத் தூய ஆவியின் ஆறுதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றும் எச்சரித்தது. இந்த எச்சரிக்கை எல்லா மதத்தினருக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறோம்.

உங்களுக்கு எது? உங்கள் மரபிலேயே, கிழக்குத் திருச்சபைத் துறவிகள் வளர்த்த இயேசு செபத்தைச் சொல்வோம். சொற்கள் உங்களுக்குப் பழக்கமானவை, பொருளில் சந்தேகம் வராது, அம்மாவுக்கும் மறுப்பு இருக்காது.

எழும்பியதும் முகம் கழுவி அரை டம்ளர் தண்ணீர் குடியுங்கள். சாயா பிறகு. கட்டிலில் வேண்டாம், தூக்கத்துக்குப் பழகிய இடம் அது. தரையில் உட்கார்வதானால் பழைய சாரம் (கைலி) இரண்டு மூன்றை மடித்து நான்கு அங்குல உயரத்துக்கு வைத்து, அதன் முன் ஓரத்தில் அமருங்கள். இடுப்பு முட்டியைவிட உயரமாக இருக்க வேண்டும், முட்டி தரையைத் தொட வேண்டும். தொடாவிட்டால் அதன் அடியிலும் ஒரு துண்டு. இடுப்பு தாழ்ந்தால் முதுகு வளையும், பாரம் தொடையின் அடியில் விழும், நரம்பு நெருக்குண்டு கால் மரக்கும். உயரம் சரிசெய்தும் மரத்தால் நாற்காலியில் அமருங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. "நிலையாகவும் சுகமாகவும் இருப்பதே ஆசனம்" என்பதுதான் பதஞ்சலியின் இலக்கணம். பிளாஸ்டிக் நாற்காலி பின்பக்கம் சரிந்திருக்கும். அதனால் பின்பாதியில் துண்டை மடித்துப் போட்டு, சாயாமல், இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காருங்கள். கால் எட்டாவிட்டால் ஒரு குரண்டிப் பலகையைக் கீழே போடுங்கள்.

கையில் செபமாலை. மூச்சு தானாக உள்ளே வரும்போது "ஆண்டவராகிய இயேசுவே", வெளியே போகும்போது "என்மேல் இரக்கமாயிரும்". உதடு அசையாமல் மனத்துக்குள். மூச்சு குறுகியிருந்தால் சொல்லையும் சுருக்குங்கள், சொல்லுக்காக மூச்சை நீட்டாதீர்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணி நகர்த்துங்கள். அமைதியாக அமர்ந்திருப்பவருக்கு நிமிஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மூச்சு வரும். ஆக ஐந்து மணி என்பது ஏறக்குறைய ஐந்து நிமிஷம், ஒரு பத்து மணி என்பது எட்டு முதல் பத்து நிமிஷம். மொபைல் அலாரம் தேவைப்படாது, அதை அடுத்த அறையில் வையுங்கள். முதல் வாரம் ஐந்து மணி மட்டும், ஆசை வந்தாலும் கூட்டாதீர்கள். இரண்டாம் வாரம் பத்து. மூன்றாம் வாரத்திலிருந்து பதினைந்து. ஒரு தவக்கால அளவு, 40 நாள் வரை, பதினைந்து மணிக்கு மேல் போக வேண்டாம். மணி முடிந்ததும் சொல்லையும் விட்டு இரண்டு நிமிஷம் சும்மா இருங்கள். கெண்டைக்காலை அமுக்கிவிட்டு மெல்ல எழும்புங்கள். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும்.

நடுவில் பால் விலையும் பிள்ளையின் பரீட்சையும் வரும், நிச்சயம் வரும். "ஐயோ, திரும்பவும் போயிற்றே" என்று திட்டுவதும் இன்னொரு நினைப்புதான். போனது தெரிந்ததும் அடுத்த மூச்சோடு அடுத்த சொல். மனம் எங்கெங்கே ஓடுகிறதோ அங்கங்கேயிருந்து திருப்பிக் கொண்டுவா என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் சொல்வதும் இதைத்தான். ஐம்பது தடவை போய் ஐம்பது தடவை திரும்பினால் அன்றைக்கு ஐம்பது தடவை பயிற்சி நடந்திருக்கிறது. நினைப்பு கூடியதாகத் தோன்றுவதும் இதனால்தான். வேலை இரைச்சலில் கேட்காமல் இருந்தது இப்போது கேட்கிறது.

தூக்கத்துக்கு முதலில் கணக்குப் பாருங்கள். இரவு 11 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழும்பினால் உடம்பு கேட்பது தூக்கம், அதைக் கொடுத்துவிடுங்கள். போதுமான அளவு தூங்கியும் கண் சொருகினால், கண்ணைப் பாதி திறந்து தரையில் மூன்றடி தள்ளிப் பாருங்கள். அதுவும் உதவாவிட்டால் முற்றத்தில் இருபது அடி தூரம் மெல்ல நடந்து, நின்று, திரும்புங்கள். ஒரு காலடிக்கு ஒரு சொல். பௌத்தத் துறவிகள் நடையையே முழுப் பயிற்சியாக வைத்திருக்கிறார்கள், குறைந்தது என்று எண்ண வேண்டாம்.

பக்கத்து வீட்டு அக்கா அன்பாக அழைக்கிறார், போய்வாருங்கள். அய்யா வைகுண்டர் 1833 முதல் ஆறு ஆண்டு தவமிருந்த இடம் அது. இரண்டு ஆண்டு குழியில், இரண்டு ஆண்டு தரையில், இரண்டு ஆண்டு உயர்ந்த பீடத்தில் என்று சொல்வார்கள். வழிபடும் இடத்தில் கண்ணாடி இருக்கும். இறைவன் உன்னுள் இருக்கிறான் என்பது அதன் பொருள். மரியாதையோடு அமர்ந்திருங்கள். ஆனால் இந்த 40 நாளுக்குள் அங்கே ஒன்று, வீடியோவில் ஒன்று, தியான இல்லத்தில் ஒன்று என்று கலக்காதீர்கள். பத்து இடத்தில் இரண்டிரண்டு அடி தோண்டினால் கிணறு ஆகாது. பத்து நாள் மௌன முகாம்களும் இப்போதைக்கு வேண்டாம். நாளுக்குப் பத்து மணி நேரம் வரை உட்காரவைப்பார்கள், தொடங்குகிறவருக்கு அது பாரம்.

உட்காரும்போது பழைய துக்கம் ஏதாவது கிளம்பி நெஞ்சு படபடத்தால் கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, அறையில் தெரியும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான். தொடர்ந்து மூன்று நாள் அப்படி வந்தாலோ, தூக்கம் கெட்டாலோ, யாரோ பேசுவதுபோல் கேட்டாலோ, நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். 40 நாள் முடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், சாயா குடிக்காமல், ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகு பிரஷர் பார்த்து, அந்தச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.