இன்டர்நெட் கால் பேசினால் வீட்டு பிராட்பேண்ட் ஸ்லோ ஆகுமா?

ஆகாது. கேள்வியைப் பார்த்தாலே உங்கள் வீட்டிலும் யாரோ உங்கள் மேல் பழி போட்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. மாமியாரா, பிள்ளையா, வீட்டுக்காரரா என்பதுதான் தெரியவில்லை. என் வீட்டில் பின்னவர்கள் இரண்டு பேரும்.

ராத்திரி ஒன்பது மணி என்றால் கும்பகோணத்தில் ஆறரை. அக்கா கோயிலுக்குப் போய்விட்டு வந்து உட்காருகிற நேரம். சிங்கப்பூரில், செங்காங்கில் எங்கள் ரூமிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிடுவேன். உடனே பக்கத்து ரூமிலிருந்து பையன், "அம்மா, கால கட் பண்ணுங்க, பிங் எகிறுது!" (பிங் என்றால் கேம் சர்வருக்குப் போய்த் திரும்புகிற நேரம்.) ஹாலிலிருந்து அவர், "மணிக்கணக்கா பேசினா நெட் எப்படித் தாங்கும்?" அந்தப் பக்கம் அக்கா, "என்னடி, கெணத்துக்குள்ளேருந்து பேசறியா?" என் கால்தான் முதலில் உடைகிறது. அடி வாங்கியவளுக்கே அபராதமும்.

கணக்கைப் பாருங்கள். குரலை டிஜிட்டலாக்கும் பழைய ஜி.711 முறையில் குரலுக்கு 64 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 64 ஆயிரம் பிட். முகவரி மாதிரி கூடவே போகும் மேல்சுமையெல்லாம் சேர்த்தாலும் ஒரு பக்கத்துக்கு 90-க்குள் அடங்கிவிடும். வாட்ஸ்அப் அதைவிடக் குறைவாகவே எடுக்கிறது. நாங்கள் பணம் கட்டுவது 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு, அதாவது ஆயிரம் எம்பிபிஎஸ், பத்து லட்சம் கேபிபிஎஸ். பத்தாயிரத்தில் ஒரு பங்கு போய் மற்றதைக் கெடுத்துவிடுமா? முகம் பார்த்துப் பேசினால்கூட இரண்டு மூன்று எம்பிபிஎஸ்தான்.

ஆனால் குரலுக்கு நேரம் தவறக் கூடாது. சாதாரணமாக 20 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக, நொடிக்கு 50 பாக்கெட், அதாவது குரலை நறுக்கிய துண்டுகள், போகும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ரொம்பத் தாமதமாக வருகிற பாக்கெட்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான், போன வார்த்தையை யார் திரும்பக் கேட்பது? லைனில் பெரிய ஃபைல் ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தால், தள்ளுவண்டி நிறையச் சாமான் வைத்திருப்பவருக்குப் பின்னால் ஒரு பாக்கெட் பாலோடு கவுண்டரில் நிற்கிற கதைதான் குரலுக்கு. பையனின் கேமும் அதே வரிசையில்தான் நிற்கிறது.

எங்கள் வீட்டுத் தள்ளுவண்டி யாருடையது? ஒரு சனிக்கிழமை பாம்ப் ஷெல்டரை, அதாவது போர் வந்தால் ஒளிந்துகொள்ள வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் அறையை, திறந்தேன். வயர் வெளியே தெரிந்தால் புது டிவி கன்சோல் அழகு கெட்டுவிடும் என்று ரெனோவேஷனின்போது வீட்டுக்காரர் ரவுட்டரை உள்ளே வைத்திருந்தார். பொன்னி அரிசி மூட்டைக்கும் ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டிகளுக்கும் நடுவில், முறுக்கு டின்னுக்குப் பின்னால், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கம்பி போட்ட கான்கிரீட், முன்னால் இரும்புக் கதவு. குண்டுக்கே தாக்குப்பிடிக்கக் கட்டிய சுவர், வைஃபையை விடுமா? ஷெல்டருக்குள் ஸ்பீட் டெஸ்ட் 600 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டியது. எங்கள் ரூமில் 20-ஐத் தொடவில்லை. அந்த இத்துனூண்டு வழியில்தான், அவர் வேலை முடிந்து வந்து போனைச் சார்ஜில் போட்டதும், அன்றைக்கு எடுத்த வீடியோவெல்லாம் தானாகக் கிளவுடுக்கு ஏறும். நான் அக்காவைக் கூப்பிடும் அதே ஒன்பது மணிக்கு. பேக்கப்பை நிறுத்திவிட்டுப் பேசினேன், பிங் அசையவில்லை. நிறுத்தாமல், பேசாமல் சும்மா இருந்தேன், பையன் கத்தினான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அதற்கு முன்னால் இன்டர்நெட் கம்பெனி ரோட்ஷோவில் ஒரு தம்பி, "அக்கா, 10 ஜிபிபிஎஸ் எடுத்தா கால் பிரச்சினையே இருக்காது" என்று இரண்டு வருஷக் காண்ட்ராக்ட்டை நீட்டினார். ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கால் தெளிவானதில் இன்னொரு தலைவலி. மேல்மாடியில் கோலிக்குண்டு உருட்டுகிற, நாற்காலி இழுக்கிற சத்தம் இப்போது அக்காவுக்கும் கேட்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரியும். போய்ச் சொன்னால், "எங்க வீட்ல கோலியே இல்லை, பைப் சத்தம்" என்பார்கள். பைப் நாற்காலியையும் இழுக்குமோ?

நெட்வொர்க் படித்தவர்கள் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன், நான் எஞ்சினியர் இல்லை. சிக்னல் குறைவான மூலையிலிருந்து பேசினால் அந்தப் போன் வைஃபையில் கூடுதல் நேரம் பிடிக்கும், மற்றவர்களுக்கு அது கொஞ்சம் இடிக்கும் என்பது தெரியும். அதற்கும் ரவுட்டரைத்தான் நகர்த்த வேண்டும், அக்காவை அல்ல.

ஃபைபர் என்றால் ரவுட்டரை ஹாலுக்குக் கொண்டு வாருங்கள். கேம் கம்ப்யூட்டருக்கு லான் கேபிள் போடுங்கள். பேக்கப்பை நடுராத்திரிக்குத் தள்ளுங்கள். ஊரில் டெலிபோன் கம்பி வழியாக வரும் பழைய டிஎஸ்எல் லைன் வைத்திருந்தால் மட்டும் என் பதில் செல்லாது. அதில் அப்லோட் சில நூறு கேபிபிஎஸ்தான் வரும், இரண்டு பேர் சேர்ந்தாற்போலப் பேசினாலே இடிக்கும். அங்கே உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கலாம்.